கிடங்கில் நேரும் மாறுதல்கள்

மழைக்காலம் கழிந்து சங்கத்தின் கிடங்கைத் திறக்கும்போது, உப்பு கசிந்திருக்கும், வெல்லம் இளகியிருக்கும், உரம் கட்டி தட்டியிருக்கும், சிமெண்டு மூட்டை கல்லாய் இறுகியிருக்கும். இவற்றுள் எது தேறும், எது தேறாது என்பதை அறியாமல் கணக்குத் தீர்ப்போமாயின், நல்ல சரக்கைக் கழித்து நஷ்டமடைவோம். அல்லது கெட்ட சரக்கை அங்கத்தினர் தலையில் கட்டி, அவர்களுடைய நம்பிக்கையை இழப்போம். ஆகவே பொருள்களில் நேரும் இருவகை மாறுதல்களை யாவரும் அறிந்திருத்தல் நலம்.

பௌதிக மாறுதலாவது, வடிவமும் நிலையும் மாறினும் வஸ்து மாறாதிருத்தல். நீர் பனிக்கட்டியாயினும் ஆவியாயினும் நீரே. உப்பு நீரில் கரைந்து கண்ணுக்கு மறைந்தாலும் உப்பாகவே இருக்கிறது. வேதாரணியத்து உப்பளங்களில் வெயில் நீரை வாங்கிக்கொள்ள, உப்பு மீண்டும் படிகிறது.

இரசாயன மாறுதலாவது, பழைய வஸ்து மாறி, வேறு குணமுடைய புதிய வஸ்து உண்டாதல். இரும்பு ஈரத்தோடும் பிராணவாயுவோடும் கூடித் துருவாகிறது. துருவை எவ்வளவு பொடித்தாலும் இரும்பு கிடைப்பதில்லை.

மீட்கக்கூடியது பௌதிகம், மீட்கமுடியாதது இரசாயனம் என்று கூறுவாரும் உளர். அது முற்றும் சரியன்று. தூய சுண்ணாம்புக்கல் 100 பங்கு எடையைக் காளவாயிலிட்டுச் சுட்டால், 44 பங்கு கரியமில வாயுவாய் வெளியேறி, 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு நிற்கிறது. நீர் தெளித்தால் அது கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசியபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடியும் சுண்ணாம்புக்கல்லின் வஸ்துவே ஆகிறது. தொடங்கிய இடத்திற்கே திரும்பினும், மூன்று படிகளும் இரசாயன மாறுதல்களே. ஆதலால், 'பழைய நிலைக்குத் திரும்புமா?' என்று கேளாமல், 'புதிய வஸ்து உண்டாயிற்றா?' என்று கேட்க வேண்டும். தானே எழும் வெப்பம், புதிய வாசனை, நுரை, நிறமாறுதல் ஆகியவை அதற்குரிய குறிப்புகள். ஒன்றை மட்டும் கண்டு முடிவுசெய்தல் ஆகாது.

இனிக் கிடங்கிற்கு வருவோம். கசிந்த உப்பு உலர்ந்தால் உப்பே. கட்டி தட்டிய அம்மோனியம் சல்பேட்டை உடைத்து வயலுக்கு இடலாம். வெல்லம் ஈரம் வாங்கி இளகியது மட்டுமாயின் உலர்த்திக்கொள்ளலாம். புளித்த வாசனையும் நுரையும் தோன்றினால், சர்க்கரை வேறு வஸ்துவாக மாறத் தொடங்கிவிட்டது என்று அறிக. சிமெண்டு காய்வதால் இறுகுவதன்று. நீருடன் கூடிப் புதிய வஸ்துக்களாகி இறுகுகிறது. அக்கட்டியை இடித்துச் சலித்து விற்பது வாங்குவோரை வஞ்சிப்பதாகும். அதற்குப் பழைய பிடிப்பு வாராது. நெடுநாள் காற்றுப்பட்டுக் கிடந்த சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சஞ்சாறு விட்டுப் பாருங்கள். நன்றாய்ப் பொங்கி நுரைத்தால், அது பெரும்பாலும் கல்லின் வஸ்துவாகிவிட்டது. கட்டிட வேலைக்கு உதவாது.

மற்றோர் எச்சரிக்கை. அம்மோனியம் சல்பேட்டைச் சுண்ணாம்புடனோ சாம்பலுடனோ கலத்தல் கூடாது. மூக்கைத் துளைக்கும் நெடி எழுமாயின், அம்மோனியா வாயு வெளியேறுகிறது என்பது பொருள். அவ்வுரத்தின் 100 பங்கில் சுமார் 21 பங்கே தழைச்சத்து. பணங்கொடுத்து வாங்கிய அச்சத்துத்தான் காற்றோடு போகிறது.

ஆகவே மூட்டைகளைத் தரையில் கிடத்தாமல் பலகைமேல் அடுக்குக; சுண்ணாம்பையும் உரத்தையும் தனித்தனியே வைத்திடுக. இருப்பெடுக்கும் நாளில், ஈரத்தால் நிலைமாறிய சரக்கையும் வஸ்துவே மாறிய சரக்கையும் வெவ்வேறாகப் பதிந்தால், சங்கத்தின் கணக்கும் நேர்மையும் ஒருங்கே நிலைக்கும்.