குரங்குக்குப் பயமா என்று எப்படித் தெரியும்?

அன்புள்ள மருமகளுக்கு,

லயத்துக்குப் பின்னால் அப்பா போட்ட கரட் பாத்தியைக் குரங்குக் கூட்டம் புரட்டிவிட்டுப் போன கதையை எழுதியிருந்தாய். "வெடி போட்டா உண்மையாவே பயந்துதான் ஓடுதா, இல்ல பழகிப்போச்சா மாமா?" என்றும் கேட்டிருந்தாய்.

ஓட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஓடாமல் தகரக் கூரையில் குந்தியிருப்பதற்கும் உள்ளே நெஞ்சு படபடக்கலாம். பயம், பசி, சண்டை எது வந்தாலும் உடம்பில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் கூடும். இரத்தத்தில் பார்க்கலாமென்றால் குரங்கைப் பிடிக்க வேண்டும். பிடித்த சில நிமிஷத்திலேயே கோர்ட்டிசோல் ஏறிவிடும். பிறகு நாம் அளப்பது வெடிப் பயத்தையா, நம்மைக் கண்ட பயத்தையா? அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் குரங்குப் பீயைத் தேடிப் போகிறார்கள். சிரிக்காதே. ஈரல் உடைத்துத் தள்ளிய கோர்ட்டிசோலின் மிச்சம் அதில் கிடக்கும். நம் தோட்டத்துக் குரங்கின் இனத்தில் அது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் பிந்திய கணக்கு. ஞாயிற்றுக்கிழமை போட்ட வெடிக்குத் திங்கள், செவ்வாயில்தான் பதில் விழும்.

ஆய்வுகூடத்தில் பீயை மதுசாரத்தில் குலுக்கி, தெளிந்த நீரை 96 குழியுள்ள தட்டில் விடுவார்கள். மிச்சம் நானுஓயா ஸ்டேஷனில் நீ பார்க்கிற கூத்துதான். உடரட மெனிக்கே வந்து நின்றதும் மூன்றாம் வகுப்பில் சீட்டுக்கு இடிபடுகிறார்களே, அதுபோல. குழியில் ஒட்டியிருக்கும் பிறபொருளெதிரிதான் சீட்டு. குரங்கின் ஹோர்மோனும், நிறம் காட்ட நாம் விடும் ஹோர்மோனும் அதற்குப் போட்டி போடும். குரங்குடையது கூட இருந்தால் நம்முடையதற்கு இடம் கிடைக்காது, குழி வெளிறிவிடும். வெளிறினால் ஹோர்மோன் அதிகம், தலைகீழ்க் கணக்கு. முதலில் இதைக் கதிரியக்கத்தால் செய்துகாட்டியவர்கள் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். 1977இல் யாலோவுக்கு நோபல் கிடைத்தபோது பெர்சன் உயிரோடு இல்லை.

இந்த வசதி எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. அமெரிக்காவில் விஸ்கொன்சின் குரங்கின ஆராய்ச்சி நிலையமும் ஜெர்மனியில் கோட்டிங்கன் நிலையமும் பிறர் அனுப்பும் மாதிரிகளையும் சோதித்துக் கொடுக்கின்றன. பக்கத்தில் என்றால் ஹைதராபாத்தின் லாகோன்ஸ் ஆய்வுகூடம். நம்மைப் போலத் தேயிலை மலைகளுக்குள்ளேயே திரியும் வால்பாறை யானைகளின் சாணத்தில் இதே ஹோர்மோனை அளந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. அதில் லாகோன்ஸ் விஞ்ஞானிக்கும் பங்குண்டு. ஒன்று, யானைக்குச் சரியான சோதனை குரங்குக்குச் சரியென்று இல்லை. ஹக்கல பக்கத்துக் கறுப்பு மந்திக்கும் நம் குரங்குக்குமே தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

ஆனால் எனக்குத் தட்டைவிடக் கொப்பிதான் பெரிது. யார் பீ, எப்போது போட்டது, அதற்கு முந்திய நாள் என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் மெஷின் தரும் இலக்கம் வெறும் இலக்கம்தான். பொலன்னறுவையில் வொல்ஃப்கேங் டிட்டஸ் 1968இல் தொடங்கிய ஆய்வில் குரங்குகளை முகம் வைத்தே அடையாளம் சொல்வார்கள். தாய் யார், பாட்டி யார் என்று தெரியும். 2025 மார்ச் 15 காலை நாடு முழுக்க ஐந்து நிமிஷம் குரங்குகளை எண்ணினோமே, அதில் அப்படி எதுவும் தெரிய வராது.

நீ பீயைத் தொட்டுவிடாதே, நோய் ஒட்டும். எழுதினால் போதும்: வெடி போட்ட நேரம், மழையா வெயிலா, எது முதலில் திரும்பி வந்தது. அறுந்த வாலோடு ஒரு தாட்டான் வருகிறது என்றாயே, முதல் பக்கத்தை அதற்கு ஒதுக்கு. தைப்பொங்கலுக்கு வரும்போது பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா