குழந்தைகளின் முகத்தை அளக்கக் காலிப்பரைக் கையில் எடுக்கும் புதியவர்களுக்கு

1. காலிப்பரின் முனை மழுங்கியது என்று உங்களுக்குத் தெரியும். குழந்தைக்கு அது ஊசி. குழந்தையின் கையில் காலிப்பரைக் கொடுத்து அம்மாவின் விரலை அளக்கச் சொல்லுங்கள், பயம் போய்விடும். அழும் முகத்தையும் சிரிக்கும் முகத்தையும் அளக்க வேண்டாம். வாயும் மூக்கும் அகலம் மாறியிருக்கும். கடைவாய்ப் பற்கள் லேசாகச் சேர்ந்து, உதடு தளர்ந்திருக்கட்டும்.

2. அளவெடுக்கும் புள்ளியை விரலால் தேடுங்கள். நெற்றியெலும்பும் மூக்கெலும்பும் சேரும் நேசியான் சின்னக் குழந்தைகளிடம் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. கொழுகொழு கன்னமும் ஏமாற்றும். கன்னத்து எலும்பு தட்டுப்படும்வரை மெல்ல அழுத்துங்கள்.

3. எதையும் இருமுறை அளந்து பாருங்கள், முதல் எண்ணைப் பார்க்காமல். சிறு குழந்தையின் கண், உள்மூலையிலிருந்து வெளிமூலைவரை இரண்டரை சென்டிமீட்டர்கூட இருக்காது. கர்ப்பகாலத்தில் தாய் மது அருந்தியதால் வரும் பாதிப்புக்கு மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்களில் இந்த நீளம் குறைவதும் ஒன்று. உங்கள் கை ஒரு மில்லிமீட்டர் தவறினால், பாவம், ஒரு தாய்மேல் பழி விழலாம்.

4. முகக் குறியீட்டெண் எளிது: நேசியானிலிருந்து தாடையின் அடிமுனைவரை உள்ள உயரத்தைக் கன்னங்களின் அகலத்தால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். குழந்தைக்கு அது குறைவாகத்தான் இருக்கும். பிறந்தபோது மண்டைப்பகுதி முகத்தைப்போல் சுமார் 8 மடங்கு. வளர்ந்தவருக்குச் சுமார் 2 மடங்குதான். வயதோடு முகம் கீழ்நோக்கி நீள்கிறது. ஆகவே வயதைச் சொல்லாத விகிதத்துக்குப் பொருளே இல்லை.

5. ஆண், பெண் வேறுபாட்டில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஆறு வயதில் சராசரியாகப் பையன்களின் முகம் சற்றே பெரியது; விகிதங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு தனிக் குழந்தையின் எண்களை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முயலாதீர்கள். பூப்பு வயதில் கணக்கு மாறும். பெண்களுக்கு வளர்வேகம் ஏறக்குறைய இரண்டாண்டு முந்தி வருவதால், 12 வயதில் ஒரு பெண் பக்கத்து இருக்கைப் பையனை எட்டிப்பிடித்திருக்கலாம், தாண்டியும் இருக்கலாம். பிறகு அவனுடைய தாடையும் மூக்கும் புருவமேடும் பதின்பருவத்தின் கடைசிவரை வளர்கின்றன. இதை மறந்து 8 முதல் 16 வயதுவரை எல்லோரையும் கலந்து சராசரி எடுத்தால், பால் வேறுபாடு என்று நீங்கள் எழுதுவது வெறும் வயது வேறுபாடாக இருக்கும். பிறந்த தேதியை மாதத்தோடு குறியுங்கள். பருவ நிலையைக் குடும்பத்தாரிடம் தனியாக, மரியாதையாகக் கேளுங்கள்.

6. டொராண்டோவில் பணியாற்றிய லெஸ்லி ஃபார்காஸின் முக அளவு அட்டவணைகளை எல்லோரும் புரட்டுகிறோம். அவை பெரும்பாலும் வட அமெரிக்க வெள்ளையரிடம் எடுத்த அளவுகள். நம் ஊர்ப் பிள்ளையின் மூக்கு அவற்றில் அடங்கவில்லை என்பதற்காகக் குறைபாடு என்று எழுதிவிடாதீர்கள். முகத்தை மூன்று சம பாகமாகப் பிரிக்கும் பழைய ஓவியர் விதியையும் ஒதுக்குங்கள். ஃபார்காஸ் குழுவினர் 1985இல் அவ்வகை விதிகளை உண்மையான முகங்களில் சோதித்தபோது பல விதிகள் பெரும்பாலானோருக்குப் பொருந்தவில்லை.

7. எண்ணைக் குறிப்பவர் பக்கத்திலேயே உட்காரட்டும், மெதுவாகச் சொல்லுங்கள். "மூக்கு அகலம்" என்று அறை முழுக்கக் கேட்கச் சொன்னால், வரிசையில் நிற்கும் மற்றப் பிள்ளைகள் அன்றைக்கே அதைப் பட்டப்பெயராக்கிவிடுவார்கள்.