தலையில் நிற்கும் தொப்பி

கேள்வி: ஐந்து வயது மகளுக்குச் செய்தித்தாளில் தொப்பி செய்தால் மூக்கு வரை இறங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முழுத் தாளையும் விரித்து மடிக்கிறீர்கள் போலிருக்கிறது. அந்த வயதில் தலைச்சுற்றளவு சுமார் 50 செ.மீ.தான், ஒற்றைப் பக்கம் போதும். மேலிருந்து கீழாக இரண்டாய் மடியுங்கள். மடிப்பு மேலே இருக்கட்டும். மேல்முனைகள் இரண்டையும் நடுவில் சேர்த்தால் கோபுரம் வரும். கீழே மிஞ்சும் பட்டைகளை முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, இரண்டு மடிப்பாக மேலே ஏற்றுங்கள். மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்ப்பது மகளின் வேலை, கோணலானாலும் பிடுங்காதீர்கள். பட்டையின் ஓரங்களை மைதாப் பசையால் ஒட்டுங்கள். ஸ்டேப்ளர் வேண்டவே வேண்டாம், முடியில் சிக்கி இழுக்கும். மாறுவேடப் போட்டிக்கு என்றால் சார்ட் பேப்பரில் ஓர் இறகு வெட்டிச் செருகலாம். ராஜாவா, மாலுமியா என்பதை அவளே சொல்லட்டும்.