ஏற்காட்டுக்கு கிட்டார் கொண்டுபோகிறீர்களா?

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 அடி என்றால் ஓர் அடி 600 மில்லிசெகண்ட். டிலே பெடலை அதில் முக்காலாக, 450-இல் வையுங்கள். சேர்வராயன் மலையில் சுமார் 75 மீட்டர் தள்ளியுள்ள பாறைச்சுவரில் கைதட்டல் மோதித் திரும்ப ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும்! எதிரொலி இரண்டு மூன்று போதும்.

ட்ரெமலோவைத் திஸ்ர நடையில், அடிக்கு மூன்று துடிப்பாக, 200 மில்லிசெகண்டில் ஓடவிடுங்கள். ஒன்றாகக் கிளம்பினாலும் இரண்டும் மூன்று அடிக்கு ஒருமுறைதான் கைகோக்கும். நடுவில் நடக்கும் இழுபறிதான் ருசி. டிலேக்குப் பிறகு ட்ரெமலோவை மாட்டினால் எதிரொலியும் துண்டுபடும். எனக்கு அதுவே பிடித்தம்.

மூடுபனி நாட்களில் ஜாக்குகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். டிஜிட்டல் டிலே 9 வோல்ட் பேட்டரியைச் சீக்கிரம் தீர்த்துவிடும், அடாப்டரை மறக்காதீர்கள்.