எலவனாசூர்கோட்டையிலிருந்து படகேற எங்கே போகலாம்?

எலவனாசூர்கோட்டையைச் சுற்றி ஏரிக்குக் குறைவில்லை. ஆனால் அவை பாசன ஏரிகள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் நிறையும். சித்திரையில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் இடமாகிவிடும். படகில் போக ஆசைப்பட்டால் ஊரை விட்டுக் கிளம்பித்தான் ஆக வேண்டும். அதற்கு நம் ஊர் தோதான இடம். மேற்கே தியாகதுருகம், கள்ளக்குறிச்சி தாண்டினால் மலை. கிழக்கே உளுந்தூர்பேட்டை போய்விட்டால் திருச்சி, சென்னை, விருத்தாசலம் என்று எந்தப் பக்கமும் திரும்பலாம்.

இடத்தை முடிவு செய்யும் முன் வீட்டில் ஒரு விஷயத்தைப் பேசிவிடுங்கள். படகில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் போகிறீர்களா, நீங்களே துடுப்புப் போடப் போகிறீர்களா? இதைப் பேசாமல் கிளம்புகிறவர்கள்தான் நாள் முழுக்கப் பயணம் செய்து, அரை மணி நேரம் மிதி படகில் சுற்றிவிட்டு, "இவ்வளவுதானா?" என்று திரும்பி வருகிறார்கள்.

குழந்தைகளோடு ஒருநாள் போய்வர வேண்டுமென்றால் கல்வராயன் மலையிலுள்ள கரியாலூர் போதும். கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலையேற வேண்டும். படகுத்துறை சிறியது, நீர்ப்பரப்பும் சிறியதுதான். அதில் ஒரு குறையும் இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது கடல். பெரியார் அருவியும் மேகம் அருவியும் இதே மலையில் இருப்பதால், படகு அன்றைய நாளில் ஒரு பகுதி மட்டுமே. மிதி படகில் பெரியவர்கள் இருவர் மிதிக்கும்படி உட்காருங்கள்; சின்னப் பிள்ளைகளுக்குக் கால் எட்டாது. எதிர்க்காற்று எழுந்தால் மிதிப்பவருக்குத் தொடை வலிக்கும், படகு நகராது. அதனால் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது.

ஏற்காடு, கரியாலூருக்கு அடுத்த படி. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏரி ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. தங்கும் விடுதிகளும் நிறைய. படகுக்காக மட்டும் அவ்வளவு வளைவுகளையும் ஏறி இறங்கச் சொல்ல மாட்டேன். குளிருக்காகப் போகிறவர்கள் படகிலும் ஏறிவிட்டு வரலாம்.

என்னைக் கேட்டால், படகுப் பயணம் என்றே கிளம்புகிறவர்கள் பிச்சாவரம் போக வேண்டும். விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம், கிள்ளை என்று வழி. வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் முகத்துவாரங்களுக்கு நடுவே, சுமார் 1,100 ஹெக்டேரில் கண்டலும் சுரபுன்னையும் அடர்ந்த காடு. அதற்குள் கிளை கிளையாகப் பிரியும் வாய்க்கால்கள். 1975இல் வந்த 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். வலம் வந்த இடம் என்று அப்பா தலைமுறை சொல்லும். 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

இங்கே மோட்டார் படகா, துடுப்புப் படகா என்ற கேள்வி வரும். மோட்டார் படகு அகலமான நீர்வழியில் விரைவாகக் கொண்டுபோய்க் கொண்டுவரும். வயதானவர்களுக்கும் வெயில் தாங்காதவர்களுக்கும் சரி. ஆனால் மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்து, வேர்கள் தண்ணீருக்குள் வளைந்து இறங்கும் குறுகலான வாய்க்காலுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். அதைப் பார்க்காமல் திரும்புவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கிளைகளைப் பிடித்து இழுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். காட்டில் தில்லை மரமும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். தை, மாசி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

தானே ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் இளவட்டங்களுக்கு இன்னொரு இடம் இருக்கிறது. திண்டிவனம், மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் முதலியார்குப்பம். அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் கயாக் கிடைக்கும். சாதாரணத் துடுப்புப் படகில் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வலிக்க வேண்டும். கயாக்கில் முன்னே பார்த்தபடி, இரண்டு முனையிலும் பலகை உள்ள துடுப்பை இடம் வலமாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். புதியவருக்கு இதுவே எளிது. கடல் காற்று பிற்பகலில் வலுக்கும். போகும்போது காற்றை எதிர்த்துப் போனால், கை சோர்ந்து திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

கொடைக்கானல் கணக்கு வேறு. வெளிநாட்டார் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்ட ஊர் அது. சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் அமெரிக்க மிஷனரிகள் 1845இல் அங்கே வீடு கட்டினார்கள். மதுரை ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஏரியை அமைத்து, முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். 1890இல் படகுக் குழாம் வந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கும் பொதுமக்களுக்கும் அதன் படகுகள் கிடைக்க 1932 ஆயிற்று. நட்சத்திர வடிவ ஏரி என்பதால் ஒவ்வொரு கையாக உள்ளே போய் வரலாம். அவசரப்பட்டால் அந்தச் சுகம் கிடைக்காது. இரண்டு இரவாவது தங்க முடிந்தால் போங்கள். 2024 மே முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதால், கிளம்பும் முன்பே பதிந்துகொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் படகுக்கு நிற்கும் வரிசையே பாதி நாளைத் தின்றுவிடும்.

எங்கே போனாலும் டிக்கெட் எடுக்கும்போதே படகுக்கா, ஆளுக்கா, எத்தனை நிமிடத்துக்கு என்று கேட்டுவிடுங்கள். உயிர்காப்புச் சட்டையின் கொக்கி பூட்டுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்டு பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். உயிர்காப்புச் சட்டையும் அணிந்திருக்கவில்லை. செல்ஃபி எடுக்க எல்லோரும் ஒரு பக்கம் எழுந்தால் சின்னப் படகுக்கும் அதே கதிதான். சட்டை இல்லை, அல்லது ஆள் அதிகம் என்றால் ஏறாதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.