அறுநூறு மீட்டர்தானே?

கேள்வி: எனக்கு வயது 46. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு சைக்கிளில் ஏறும் குழுவில் நானும் ஒருத்தி. மெதுவாக ஏறினாலும் நடுவில் இறங்கமாட்டேன். செப்டம்பர் கடைசியில் கணவரோடு இத்தாலி போகிறேன். ஃப்ளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே இருக்கும் கியாந்தி திராட்சைத் தோட்டப் பகுதியில் ஐந்து நாள் சைக்கிள் ஓட்ட ஆசை. வரைபடத்தில் எந்த ஊரும் 600 மீட்டர் உயரத்தைத் தொடவில்லை. அதனால் நாளுக்கு 100 கி.மீ. என்று திட்டம் போட்டிருக்கிறேன். என் ரோடு பைக்கில் முன்னால் 50-34, பின்னால் 11-28 பல்சக்கரம், டயர் 25 மி.மீ. இது போதுமா? அங்கே வெள்ளைச் சாலைகள் என்று சொல்கிறார்களே, அவற்றிலும் போகலாமா? வழியில் ஒயின் தோட்டங்களில் நின்று சுவைத்துப் பார்க்கலாம் என்கிறார் கணவர். நான் சைவம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்த 100 கிலோமீட்டரை அடித்துவிடுங்கள். 50, 60 போதும். குன்னூர் ஏறுகிறவருக்கு இது குறைச்சலாகப் படும். காரணம் சொல்கிறேன்.

குன்னூர் ஏற்றம் நீளமானது, ஆனால் நேர்மையானது. ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தை முப்பது சொச்சம் கிலோமீட்டரில் ஏறுகிறீர்கள். மூச்சு ஒரு சீருக்கு வந்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டே மேலே போய்விடலாம். கியாந்தியில் அந்தச் சீர் கிடைக்கவே கிடைக்காது. கிரேவே 236 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து பன்ஸானோவுக்கு 260 மீட்டர் போல ஏறுவீர்கள். ஏறியதை எல்லாம் பேசா ஆற்றுப் பள்ளத்தில் இறங்கித் தொலைத்துவிட்டு, மறுபடி 578 மீட்டரில் இருக்கும் காஸ்டெலினாவுக்கு ஏற வேண்டும். பிறகு ராடா, அது 530 மீட்டர். அங்கிருந்து கயோலே, 360. ஊர்களின் உயரத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நடுவில் எத்தனை பள்ளம் என்று எண்ண வேண்டும். 80 கி.மீ. சுற்றினால் மொத்த ஏற்றம் சாதாரணமாக 1,200 முதல் 1,500 மீட்டர் வரை வந்துவிடும். அதாவது நாள்தோறும் ஒரு குன்னூர், அதுவும் துண்டு துண்டாக.

இறக்கத்தில் ஓய்வு கிடைக்குமே என்று தோன்றும். அந்த இறக்கங்கள் இரண்டு மூன்று கிலோமீட்டரில் முடிந்துவிடும். வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்துக் கையும் தோளும் இறுகியிருக்கும்போதே அடுத்த ஏற்றம் வந்து நிற்கும். தொடக்கத்தில் கால் புதிதாக இருக்கும், ஏற்றமும் சின்னதாகத் தெரியும். எழுந்து நின்று மிதித்துத் தாண்டிவிடத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அப்படி முதல் பத்து மேட்டைத் தாண்டியவர் பதினைந்தாவது மேட்டில் நடந்து போவதைப் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் காரணம் வரலாறு. ஃப்ளோரன்ஸும் சியெனாவும் இடைக்காலத்தில் நூற்றாண்டுக் கணக்கில் இந்த மண்ணுக்காகச் சண்டை போட்டன. அதனால் ஊரும் கோட்டையும் குன்றின் முகட்டில் எழுந்தன. எல்லையைப் பற்றி ஒரு கதை கூட உண்டு. சேவல் கூவியதும் இரண்டு நகரங்களிலிருந்தும் ஒவ்வொரு குதிரை வீரன் புறப்பட வேண்டும். சந்திக்கும் இடம்தான் எல்லை. ஃப்ளோரன்ஸ்காரர்கள் தங்கள் கருஞ்சேவலைப் பட்டினி போட்டார்கள். அது விடியும் முன்பே கூவிவிட, அவர்கள் வீரன் சியெனாவுக்கு வெகு அருகில் வந்துவிட்டானாம். கதை எப்படியோ, கியாந்தி கிளாசிக்கோ ஒயின் புட்டிகளில் இன்றும் அந்தக் கருஞ்சேவல்தான் முத்திரை. நமக்கு வேண்டிய விஷயம் இதுதான்: ஊர் முகட்டில் இருப்பதால் காபிக்கும் ஏற வேண்டும், தண்ணீருக்கும் ஏற வேண்டும். திராட்சைக் கொடியும் நீர் தேங்காத கல்மண் சரிவைத்தான் விரும்புகிறது. ஆகவே நீங்கள் பார்க்கப் போகும் தோட்டங்களும் சரிவில்தான்.

இப்போது கியர். 34-28 போதாது. கணக்கைப் பாருங்கள். உங்களையும் சைக்கிளையும் சேர்த்து 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீத ஏற்றத்தில், நிமிடத்துக்கு 60 சுற்று என்ற மெதுவான மிதிப்பில்கூட, இந்தக் கியருக்கு ஏறத்தாழ 230 வாட் சக்தி தேவைப்படும். வேகம் அப்போதும் மணிக்கு 9 கி.மீ.தான். பின்னால் 34 பல் இருந்தால் அதே மிதிப்புக்கு 190 வாட் போதும். இந்த வித்தியாசம் ஒரு மேட்டில் தெரியாது, ஐந்து நாளில் முழங்காலில் தெரியும். 11-34 போடுங்கள். ஆனால் உங்கள் பின் டெரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள். பழைய குட்டைக் கூண்டு டெரெய்லர்கள் தாங்காது. சைக்கிளைப் பெட்டியில் கட்டி விமானத்தில் அனுப்பும் தலைவலியே வேண்டாம், அங்கேயே வாடகைக்கு எடுங்கள் என்பது என் கருத்து. ஃப்ரேம் அளவையும் கியரையும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்கலாம். பெடலும் சீட்டும் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

வாடகை சைக்கிளில் ஓர் ஆபத்து இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் வலது கைப் பிடிதான் முன் பிரேக். அங்கே இடது கைதான் முன் பிரேக். பதற்றத்தில் இடது கையை இறுக்கினால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். போதாததற்குச் சாலையில் வலப்பக்கம் போக வேண்டும். ரவுண்டானாவில் சுற்றும் திசையும் நமக்கு எதிர்த்திசை. முதல் நாள் காலையில் ஆளில்லாத இடத்தில் அரை மணி நேரம் ஓட்டிக் கை பழகிய பிறகு கிளம்புங்கள். கடையில் கேட்டால் பிரேக் கம்பியை மாற்றியும் தருவார்கள், ஹைட்ராலிக் பிரேக் என்றால் சந்தேகம்தான்.

வெள்ளைச் சாலைகளை விட்டுவிடாதீர்கள். கியாந்திக்கு நான் போகச் சொல்வதே அவற்றுக்காகத்தான். சுண்ணாம்புக்கல் சரளை போட்டு இறுக்கிய மண்சாலைகள் அவை. ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் தார் போடும் வேகத்தில் அழிந்துகொண்டிருந்தன. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று ஜான்கார்லோ புரோச்சி 1997-இல் கயோலேயில் 'லெரோயிக்கா' ஓட்டத்தைத் தொடங்கினார். அன்று வந்தவர்கள் 92 பேர். இன்று அக்டோபரில் ஆயிரக்கணக்கானவர்கள் 1987-க்கு முந்தைய பழைய சைக்கிள்களில், கம்பளி ஜெர்சி போட்டுக்கொண்டு வருகிறார்கள். 2007-இல் தொழில்முறை வீரர்களுக்கான 'ஸ்ட்ராடே பியாங்கே' பந்தயம் தொடங்கியதும் இதிலிருந்துதான். சியெனாவுக்குள் நுழையும் சாந்தா காதரீனா தெருவில் 16 சதவீதம் வரை செங்குத்தாகும் கடைசி ஏற்றத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். லெரோயிக்காவின் 209 கி.மீ. பாதைக்கு ஆண்டு முழுக்க வழிகாட்டிப் பலகைகள் உண்டு. அதில் ஒரு துண்டை மட்டும் ஓட்டுங்கள்: புரோலியோ கோட்டைக்கு சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே ஏறும் வெள்ளைச் சாலை. அந்தக் கோட்டையின் பெட்டினோ ரிக்காசோலிதான் 1872-இல் கியாந்தி ஒயினுக்கு எந்தெந்தத் திராட்சையைச் சேர்க்கலாம் என்று வகுத்துச் சொன்னவர். இத்தாலியின் பிரதமராகவும் இருந்தார்.

அந்தச் சரளைக்கு 25 மி.மீ. டயர் ஒல்லி. 32 கிடைத்தால் நல்லது, குறைந்தது 28. காற்றை வழக்கத்தைவிடக் குறையுங்கள். ஏறும்போது எழுந்து நிற்காதீர்கள். எழுந்தால் பின் சக்கரத்தில் பாரம் குறைந்து அது சறுக்கும். உட்கார்ந்தபடியே, சிறிய கியரில் மிதியுங்கள். இறங்கும்போது பிரேக் பிடிப்பதெல்லாம் வளைவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் தார்ச்சாலையிலேயே இருந்துவிடுங்கள்.

ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைவிட ராடாவில் ஒரே அறை எடுத்துத் தங்குவது உத்தமம். ராடா, காஸ்டெலினா, பன்ஸானோ, பிறகு லுக்காரெல்லி வழியாகத் திரும்ப ராடா என்று ஒரு சுற்று; சுமார் 40 கி.மீ. முதல் நாளுக்கு அது சரி. இன்னொரு நாள் கயோலே இறங்கி, படியா அ கோல்திபுவோனோ என்ற பழைய மடாலயத்துக்கு ஏறுங்கள். காட்டு நிழல் உள்ள ஏற்றம் அது. புரோலியோவுக்கு ஒரு நாள். நடுவில் ஒரு நாள் சைக்கிளைத் தொடாமல் சியெனாவைச் சுற்றிப் பாருங்கள். ஐந்தாவது நாளில் என்ன செய்யலாம் என்று உங்கள் கால்களே சொல்லும்.

செப்டம்பர் கடைசி நல்ல தேர்வு. வெயில் தணிந்திருக்கும், அறுவடை நடந்துகொண்டிருக்கும். திராட்சை ஏற்றிய டிராக்டர்கள் தோட்டத்திலிருந்து சாலைக்கு ஏறும் இடங்களில் மண் கொட்டிக் கிடக்கும், வளைவுகளில் கவனம்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று முக்கியம்: டஸ்கனி ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள். வியர்த்துக் கொட்டிய பிறகு அதை மட்டும் தின்றால் உப்பு எங்கிருந்து வரும்? உப்பு தூவிய கடலையோ ஓஆர்எஸ் பொட்டலமோ சட்டைப் பையில் இருக்கட்டும். ரொட்டி, பீன்ஸ், கருங்கோஸ் போட்ட ரிபொல்லீத்தா சூப், தக்காளியில் ரொட்டியை ஊறவைத்துச் செய்யும் பாப்பா அல் பொமொதோரோ இரண்டும் உங்களுக்கு ஏற்றவை, பன்றி இறைச்சி சேர்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டு. மதியம் இரண்டரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு சமையலறை மூடிவிடும். மளிகைக் கடைகளும் நாலு மணி வரை திறக்காது.

கடைசியாக உங்கள் கணவரின் யோசனை. இத்தாலியில் மது குடித்து வண்டி ஓட்டும் சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும்; ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. ஒரு தோட்டத்தில் நாலைந்து வகையை விழுங்கிவிட்டு 10 சதவீத இறக்கத்தில் இறங்குவதைச் சட்டம் தடுக்காவிட்டாலும் நான் தடுப்பேன். சுவைத்துத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஆனாலும் சைக்கிளை அறையில் விட்டு, குளித்து, மாலை ஐந்து மணிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு தோட்டத்தில் நேரம் வாங்கி வையுங்கள். அறுவடைக் காலத்தில் சொல்லாமல் போனால் கவனிக்க ஆள் இருக்கமாட்டார்கள்.

கிளம்புவதற்கு முன் குன்னூரைக் கொஞ்சம் மறந்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் ஏறிவிடக்கூடிய செங்குத்தான மேடு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். வாரம் இரண்டு முறை, ஏழெட்டுத் தடவை ஏறி இறங்குங்கள். கடைசி ஏற்றத்துக்கான நேரம் முதல் ஏற்றத்தின் நேரத்தோடு ஒத்துப்போனால் நீங்கள் தயார்.