ஒரு காரும் அதன் உடைமையாளர்களும்

அரசர்கள் ஏறிச் செல்வதற்கென்று பிரான்சின் மோல்ஷீம் நகரில் எட்டோரே புகாட்டி உருவாக்கிய கார் 'புகாட்டி ராயல்'. எட்டு சிலிண்டர்களும் 12.7 லிட்டர் கொள்ளளவும் கொண்டது அதன் எஞ்சின். ஆயினும் எந்த அரசரும் அதை வாங்கவில்லை. உலகப் பொருளாதார மந்தமும் குறுக்கிடவே, ஆறு கார்களோடு உற்பத்தி நின்றது. அவற்றுள் முதலில் வெளியாருக்கு விற்பனையானவை மூன்றே.

அம்மூன்றில் ஒன்றை 1932இல் பெற்றவர் ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஜோசப் ஃபூக்ஸ். நாஜிகள் தலையெடுத்தபின் அவர் தாயகத்தைவிட்டு வெளியேறி, ஷாங்காய் சென்று, பின்னர் நியூயார்க்கை அடைந்தார். காரும் அவருடனேயே சென்றது. அங்கே கடுங்குளிரில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் உறைந்துவிட்டது. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும் என்பதை நாம் இயற்பியலில் படித்துள்ளோம். அவ்விரிவைத் தாங்காமல் எஞ்சின் பிளந்தது. அரசர்க்கென்று பிறந்த கார் பழைய இரும்புக் கிடங்கை அடைந்தது!

1946இல் அதை விலைக்கு வாங்கியவர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனப் பொறியாளர் சார்லஸ் செய்ன். எஞ்சினைச் செப்பனிட்டு, ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் நான்கைப் பொருத்தி, அதை மீண்டும் ஓடவைத்தார். 1950களின் இறுதியில், போட்டி நிறுவனத்தைத் தோற்றுவித்த ஹென்றி ஃபோர்டின் பெயர் தாங்கிய டியர்போர்ன் அருங்காட்சியகத்திற்கே அதை நன்கொடையாக வழங்கினார்.

எடை போடுவோர்க்கு இரும்பாகத் தெரிந்தது, பொறியியல் அறிந்தவர்க்குச் செல்வமாகத் தெரிந்தது. பொருளை வாங்குவது பணம், காப்பது அறிவு. பரம்பரைச் சொத்தின்றிக் கல்லூரிக்கு வந்துள்ள நம்மில் பலர் நினைவிற்கொள்ள வேண்டிய உண்மை இது.